குதர்னா வீட்டுப் பன்றி

செக் நாட்டுக் கிராமமான ஓல்ஷின்காவின் கீழ்க்கோடியில், குளத்தின் கரையை ஒட்டி, ஈரம் ஏறிச் சுவரெல்லாம் பச்சை பூத்துப்போன ஒரு வீட்டில் அப்பொலேனா பிறந்தாள். அந்தப் பக்கத்து மண்ணில் உருளைக்கிழங்கு விளையும், கொஞ்சம் ரை தானியம் விளையும். எல்லாவற்றையும் விட அதிகமாகக் கல் விளையும். போன வருஷம் பொறுக்கிப் போட்ட வயலில் இந்த வருஷமும் அதே அளவு கல் மேலே வந்து கிடக்கும். சின்ன வயதில் அவள் செய்த முதல் வேலை கல் பொறுக்குவதுதான். அதுவும் சொந்த நிலத்தில் அல்ல, அலோயிஸ் குதர்னாவின் நிலத்தில்.

குதர்னா ஊரிலேயே பெரிய விவசாயி. பெரிய என்றால் நான்கு குதிரை, பத்துப் பன்னிரண்டு மாடு, கல் கட்டிய களஞ்சியம். கெட்டவன் என்று சொல்ல முடியாது. வேலைக்காரர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சூப் குடிப்பான். அவன் பெண்டாட்டி ஃபிலோமேனாவுக்கு மட்டும் கை கொஞ்சம் இறுக்கம். ரொட்டியை வெட்டினால் மறுபக்கம் தெரியும். பள்ளிக்கூடம் முடிந்ததிலிருந்து கல்யாணம் ஆகும்வரை அப்பொலேனா அந்த வீட்டில்தான் வேலை செய்தாள், குதிரை லாயத்துக்குப் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டாள். முதலாளி ஒரு பேச்சைத் தொடங்கினால் எந்தப் பதில் அவருக்குப் பிடிக்கும் என்பது அவளுக்கு அங்கேயே பழகிப்போயிற்று.

அவளைக் கட்டிக்கொண்டவன் வாவ்ரா ஸெய்தா. கோடையில் கொத்து வேலைக்குப் போவான், குளிர் தொடங்கியதும் வீடு வீடாகப் போய்ப் பன்றி அடிப்பான். அதில் அவன் கை சுத்தம். பன்றியின் காதில் ஏதோ சொல்லிவிட்டுத்தான் கோடாரியின் பின்பக்கத்தை ஓங்குவான். என்னதான் சொல்கிறாய் என்று கேட்டால், "அதுகிட்ட மன்னிப்பு கேப்பேன், உங்ககிட்ட கூலி கேப்பேன்" என்பான். சுற்றி நிற்கும் பிள்ளைகளின் கன்னத்தில் ரத்தத்தைத் தொட்டுப் பூசிவிட்டு ஓடவிடுவான். அவர்களுக்கு விளாஸ்தா என்று ஒரே பெண்.

பிறகு ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். கோழியை எண்ணினார்கள், முட்டையை எண்ணினார்கள், பன்றியை எண்ணினார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் பன்றி அடித்தால் போர்க்காலச் சதி என்று பெயர். தலை போகும் என்று பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டியிருந்தது. ஆனாலும் அடித்தார்கள். வயிறு சுவரொட்டியைப் படிக்குமா? கணக்குக்கு வராத குட்டி ஒன்றைத் தவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் மறைத்து வளர்த்துவிட்டு, சமயம் பார்த்து வாவ்ராவைக் கூப்பிடுவார்கள்.

தொல்லை பன்றியின் கத்தல்தான். குதர்னா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். நவம்பரில் ஒரு நாள், பனிமூட்டம் களத்துமேட்டை விட்டு நகராமல் கிடந்த நாள், களஞ்சியத்தில் கதிரடிக்கும் மிஷினை ஓடவிட்டான். அது போடுகிற ஊளையில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. பின்பக்கம் வண்டிக் கொட்டகையில் வாவ்ரா வேலையை முடித்தான். அப்பொலேனா பானையைப் பிடித்துக்கொண்டு, ரத்தம் உறைந்துவிடாமல் கையால் கலக்கிக்கொண்டே இருந்தாள். முழங்கைவரை சூடாக இருந்தது. ஃபிலோமேனா வாசலில் வாத்து இறகு பிடுங்குவதுபோல் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. வாவ்ராவின் பங்கு ஒரு துண்டு முதுகுக்கறியும் கொழுப்பும். அதை முதுகுப்பையில் போட்டு மேலே கோஸ் இலையை அடைத்துக்கொண்டான்.

"வயல் வழியாப் போயிடு" என்றாள் அப்பொலேனா.

"சேறு முழங்கால் வரைக்கும் இருக்கு. இந்த மூட்டத்துல சாலையில என்னை யாரு பாக்கப்போறா?"

"யாராச்சும் எதிர்ல வந்தா?"

"அவங்களுக்கும் நான் தெரிய மாட்டேனே."

அவன் சொன்னது சரிதான். ஆனால் மூட்டத்தில் அவனுக்கும் எதிரே இருப்பது தெரியவில்லை. குளக்கரை மேட்டில் ஒரு போலீஸ்காரரும் தானியக் கணக்குப் பார்க்கும் ஜெர்மன் அதிகாரியும் பழுதான மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு நின்றார்கள். நேராக அவர்கள்மேல் போய் முட்டினான். கோஸ் இலைக்கு அடியிலிருந்து ரத்தம் கசிந்து அவன் கால்சட்டையின் பின்பக்கம் நனைந்திருந்ததை அந்த அதிகாரி பார்த்துவிட்டார்.

அப்பொலேனா பானையை மூடி எடுத்துக்கொண்டு தோட்டங்களின் பின்பக்கமாக வீட்டுக்கு வந்திருந்தாள். செய்தி சொன்னது அந்தப் போலீஸ்காரரேதான். உள்ளூர்க்காரர். படியில் நின்று, குரலைத் தாழ்த்தி, "வீட்டுல ஏதாச்சும் இருந்தா ஒழிச்சுடும்மா. பின்னாலேயே சோதனை போட வராங்க" என்றார். அவ்வளவு நல்ல ரத்தத்தையும் அவள் சாணக்குழியில் ஊற்றி மேலே வைக்கோலைப் போட்டாள். பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள்.

வாவ்ரா யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. யிஹ்லாவா நகருக்குப் போகும் சாலையில் முகம் தெரியாத ஒருவனிடம் பன்றியை வாங்கினேன், காட்டிலே தனியாக அடித்தேன் என்று சொன்னான். எவ்வளவு அடித்தும் அதையே சொன்னான். ஊரில் எல்லாத் தொழுவங்களையும் எண்ணினார்கள். குதர்னாவின் கணக்கு சரியாக இருந்தது. செத்த பன்றி கணக்கிலேயே வராததாயிற்றே.

வாவ்ரா பிடிபட்ட மறுநாள் மதியம் குதர்னா அப்பொலேனாவின் வீட்டுக்கு வந்தான். அத்தனை வருஷத்தில் அவன் அந்தப் படியை மிதித்தது அன்றுதான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றான். விளாஸ்தா மேசைக்கடியில் உட்கார்ந்து அவித்த உருளைக்கிழங்கை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"அப்பொலேனா, நான் போயிடறேன்" என்றான். "போய் பன்னி என்னோடதுன்னு சொல்லிடறேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா எனக்கு நாலு புள்ளைங்க. கடைசிது இன்னும் பால் மறக்கல." தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "நீ என்ன சொல்ற? நீ சொல்றதுபடி செய்யறேன்."

தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அப்பொலேனாவுக்கு அந்த ஒரு நிமிஷத்தில் பல எண்ணங்கள் ஓடின. முதல் தடவை பிடிபட்டால் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோதான் போடுவார்கள் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். இவனும் போனால் வாவ்ராவை விட்டுவிடப் போகிறார்களா? பொய் சொன்னான் என்று இன்னும் ரெண்டு போடுவார்கள். இரண்டு வீடும் ஆணில்லாமல் நிற்கும். இதெல்லாம் உண்மையான கணக்குத்தான். ஆனால் அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது: முதலாளி ஒரு பதிலுக்காகக் காத்து நிற்கிறார், அந்தப் பதில் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

"போகாதீங்க" என்றாள்.

"நீ சொல்றதாலதான்."

"ஆமா. நான்தான் சொல்றேன்."

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். தெருக் குழாய்வரை மெதுவாக நடந்தான். அதைத் தாண்டியதும் கிட்டத்தட்ட ஓடினான்.

வாவ்ராவை யிஹ்லாவா சிறையிலிருந்து பிராகுக்குக் கொண்டுபோனார்கள். வசந்தத்தில், சேறு காயத் தொடங்கிய சமயம், பஞ்சாயத்துச் சுவரில் சிவப்புத் தாள் ஒன்று ஒட்டப்பட்டது. மேலே ஜெர்மனில், கீழே செக்கில், மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களின் பெயர்கள். அப்பொலேனா பால் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் படித்தாள். வவ்ரிநெட்ஸ் ஸெய்தா, கொத்தனார். அந்த முழுப்பெயரை அவள் கல்யாணத்தன்று பாதிரியார் வாயில் கேட்டதோடு சரி. யாரோ வேறு ஆள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். பெண்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு குதர்னா வீட்டிலிருந்து மூட்டைகள் வரத் தொடங்கின. உருளைக்கிழங்கு வரும், மாவு வரும், இலையுதிர்காலத்தில் ஒரு வண்டி விறகு வரும். அவளுடைய துண்டு நிலத்தை அவன் குதிரைகள் உழுதுகொடுக்கும். வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. குழந்தைக்குச் சோறு வேண்டுமே. வாங்கிக்கொண்டாள், நன்றி சொன்னாள்.

குதர்னா வாய் திறக்காமல் இருந்தது அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். அவன் வந்து கேட்டதுதான் அவளைத் தின்றது. கேட்காமல் இருந்திருந்தால் அவனைச் சபித்துக்கொண்டாவது கிடந்திருப்பாள். இப்போது சபிக்கவும் வழியில்லை. கேள்வியை அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டு அவன் கைவீசிக்கொண்டு போய்விட்டான். மாவு பிசையும்போது, மாட்டுக்குத் தீனி நறுக்கும்போது, திடீரென்று தன் குரலே தன் காதில் விழும்: போகாதீங்க.

போர் முடிந்தது. கோயில் சுவரில் ஒரு பலகை பதித்து வாவ்ராவின் பெயரைப் பொறித்தார்கள். மக்களுக்கு உணவளிக்க உயிரைக் கொடுத்தவர் என்று வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பேசினார். மேளம் அடித்தார்கள். அப்பொலேனா கறுப்புத் துணி கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். அவன் ஒரு பை கொழுப்புக்காகச் செத்தான் என்பது அவளுக்குத் தெரியும். முன்வரிசையில் இன்னொரு பக்கம் நின்ற குதர்னாவுக்கும் தெரியும்.

சில வருஷங்களில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்து, நிலத்தையெல்லாம் கூட்டுப்பண்ணையில் சேர்க்கச் சொன்னார்கள். குதர்னா கையெழுத்துப் போட மறுத்தான். அவன் போடாததால் மற்றவர்களும் போடவில்லை. அவனைக் கழித்துக்கட்டினால்தான் ஊர் வழிக்கு வரும் என்று மாவட்டத்துக்குப் புரிந்தது. ஹோஷ்னா என்ற அதிகாரியை அனுப்பினார்கள். இளைஞன், தோல் கோட்டுப் போட்டவன், பேச்சில் பணிவு. நேரே அப்பொலேனாவின் சமையலறைக்கு வந்து உட்கார்ந்து, ஸெய்தாவின் பெண்டாட்டி என்ற முறையில் ஸெய்தோவா என்று அழைத்தான்.

"தோழியர் ஸெய்தோவா, அந்தப் பன்னி யாரோடதுன்னு இந்த ஊருக்கே தெரியும். எங்களுக்கும் தெரியும்."

"தெரிஞ்சா எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?"

"உங்க வாயால வரணும். ஞாயித்துக்கிழமை பீர்க்கடை ஹால்ல கூட்டம். பன்னி யாரோடது, யார் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தது, ரெண்டே விஷயம் சொன்னாப் போதும்." அவள் ஊற்றிக்கொடுத்த காப்பியை ஒரு மிடறு குடித்தான். வறுத்த பார்லிக் காப்பி. முகம் சுளிக்கவில்லை. "பொய் சொல்லச் சொல்லலையே நான். நடந்ததைத்தான் கேக்கறேன்."

எழுந்து போகும்போது, "உங்க பொண்ணு நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட்டிருக்காளாமே. நல்ல பொண்ணு. இடம் கிடைக்கும்" என்றான்.

அந்த வாரம் முழுக்க அப்பொலேனா அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பன்றி குதர்னாவோடது, அவர் வாய் திறக்கவில்லை. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சொல்லும்போது நாக்குக்கு இதமாக இருந்தது. அவளுக்கு அதைச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். சனிக்கிழமை விளாஸ்தா வெள்ளை ஏப்ரனுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. குதர்னாவைப் பக்கவாட்டில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். ஃபிலோமேனா பிள்ளைகளோடு கதவோரம் நின்றாள். ஹோஷ்னா பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அப்பொலேனா எழுந்தாள்.

"பன்னி யாரோடது?"

"குதர்னா வீட்டோடது."

ஹால் முழுக்க மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஃபிலோமேனா கடைசிப் பையனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"உங்க புருஷனைப் பிடிச்சிட்டுப் போனப்போ இவர் போய்ச் சொன்னாரா?"

"சொல்லல."

"போதும் தோழியரே, உட்காருங்க."

அவள் உட்காரவில்லை. ஏன் உட்காரவில்லை என்று அவளுக்கே பிற்பாடு சொல்லத் தெரியவில்லை. குதர்னா அப்போது தலையைத் தொங்கப்போட்டு, அன்றைக்குப் போலவே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் தன் வாயைப் பார்த்துத்தான் இவன் காத்திருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது.

"நான் இன்னும் முடிக்கல" என்றாள். "அடுத்த நாள் அவர் எங்க வீட்டுக்கு வந்தாரு. போய்ச் சொல்லிடறேன்னாரு. நான்தான் போகாதீங்கன்னேன்."

ஹோஷ்னாவின் முகம் மாறியது. "பயமுறுத்தினாரா?"

"இல்ல."

"ஏதாச்சும் தரேன்னாரா?"

"இல்ல. ரெண்டு பேரு போறதுக்கு ஒருத்தரு போனா போதும்னு நெனச்சேன். ஒரு வருஷத்துல வந்துடுவாருன்னு எல்லாரும் சொன்னீங்க." கடைசி வார்த்தையை ஹாலைப் பார்த்துச் சொன்னாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல், "வேலைக்காரி புத்தி போகுமா? பழைய சூப்பு இன்னும் வயித்துல கிடக்கு" என்றது. சிலர் சிரித்தார்கள்.

வெளியே வந்தபோது ஃபிலோமேனா காத்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது முதல் பாதி மட்டும்தான். "இத்தனை வருஷமா மூட்டை மூட்டையாக் கொடுத்தமேடி, இதுக்குத்தானா?" என்றாள். உள்ளே நடந்ததை எடுத்துச் சொல்ல யாரும் முன்வரவில்லை. அப்பொலேனாவும் சொல்லவில்லை.

பன்றி வழக்கு அதோடு விழுந்தது. ஆனால் அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. தானியம் பதுக்கினார் என்று வேறு வழக்குப் போட்டுக் குதர்னாவை யாஹிமோவ் யுரேனியச் சுரங்கத்தில் கைதியாக வேலை செய்ய அனுப்பினார்கள். ஃபிலோமேனாவையும் பிள்ளைகளையும் ஒரு லாரியில் ஏற்றி எல்லைப்பக்கம் எங்கோ ஒரு அரசுப் பண்ணைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வாரமே ஊர் முழுக்கக் கையெழுத்துப் போட்டது. விளாஸ்தாவுக்கு நர்ஸ் படிப்பில் இடமில்லை என்று வந்தது. வடக்கே ஒரு நூற்பாலைக்குப் போகச் சொன்னார்கள்.

பெட்டியைக் கட்டிக்கொண்டே விளாஸ்தா சொன்னாள்: "பாதியோட நிறுத்தியிருக்கலாமேம்மா."

"நடந்தது அதுதானே."

"அப்பா அந்தப் பன்னிக்காகப் போனாரு. இப்ப நானும் அதே பன்னிக்காகப் போறேன்."

அப்பொலேனா சாப்பாட்டுக்கு ரொட்டி கட்டிக்கொடுத்தாள். விளாஸ்தா அதை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனாள்.

கூட்டுப்பண்ணை அப்பொலேனாவுக்குப் பன்றித் தொழுவத்தைக் கொடுத்தது. குதர்னாவின் களஞ்சியத்தைத்தான் தொழுவமாக்கியிருந்தார்கள். கதவுக்குக் கீழே காற்று புகுந்து முதல் குளிர்காலத்தில் குட்டிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அவள் விறைத்த குட்டிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டுபோய்ப் புதைத்தாள். மண்ணும் விறைத்திருந்ததால் கடப்பாரை வேண்டியிருந்தது. ஊரில் பாதிப்பேர் அவளைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள், பண்ணைத் தலைவர் அவளைப் பணக்காரர்களின் ஆள் என்றார். பீர்க்கடைப் பக்கம் போவதை அவள் நிறுத்திவிட்டாள். விளாஸ்தா ஈஸ்டருக்கு வருவாள், ஒரு நாள் இருப்பாள்.

அறுபதாம் வருஷப் பொதுமன்னிப்பில் குதர்னா திரும்பி வந்தான். தனியாக வந்தான். ஃபிலோமேனா எல்லைப்புறத்திலேயே செத்துப்போயிருந்தாள். பிள்ளைகள் அங்கங்கே வேலை தேடிக்கொண்டு, குதர்னா என்ற பெயரை மெதுவாகச் சொல்லிக்கொண்டு வாழ்ந்தார்கள். அவன் வீட்டில் பண்ணை அலுவலகம் நடந்தது. லாயத்துக்குப் பக்கத்து வேலைக்காரர் அறையை அவனுக்குக் கொடுத்தார்கள். வேறெந்த வேலையும் அவனுக்குக் கிடையாது என்று சொல்லித் தொழுவத்தில் அப்பொலேனாவுக்கு உதவியாகப் போட்டார்கள்.

மாடுபோல் இருந்தவன் கோட்டுக்குள் குச்சிபோல் இருந்தான். இரண்டு வாளி தூக்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவான். அப்பொலேனா அவன் வாளியையும் சேர்த்துத் தூக்கினாள். வேலை விஷயம் தவிர வேறொன்றும் பேசவில்லை. அவள் அவனை இன்னும் 'நீங்க' என்றுதான் சொன்னாள்.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு முற்பகல், பன்றிகளுக்கு உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்த அண்டாவுக்கு எதிரே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அன்னிக்கு ஹால்ல எதுக்கு அப்படிச் சொன்ன?" என்று குதர்னா கேட்டான்.

"அதுதானே நடந்துச்சு."

அவன் கொஞ்ச நேரம் இருமினான். "நடந்தது அது மட்டும் இல்ல, அப்பொலேனா. நீ போகாதேன்னதும் எனக்குக் குதிக்கணும் போல இருந்துச்சு. சந்தோஷத்துல."

"தெரியும். ஜன்னல்ல பாத்தேன். குழாயத் தாண்டினதும் ஓடினீங்க."

"போன்னு நீ சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன்." தீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வரும்போதே தெரியும். ஏன் போகலன்னு யாரும் எங்கிட்ட பின்னால கேக்கக் கூடாதுன்னுதான் வந்தேன். சுரங்கத்துல இதைத்தான் நெனச்சுக்கிட்டு கிடந்தேன்."

அண்டா கொதித்து வழிந்தது. அப்பொலேனா எழுந்து மூடியைத் தள்ளிவைத்தாள். நீராவியில் அவள் முகம் தெரியவில்லை. இத்தனை காலமும் அவள் ஒரு வார்த்தையைச் சுமந்திருந்தாள், அந்த வார்த்தையால் ஒருவன் செத்தான் என்று. அது எதையுமே மாற்றியிராத வார்த்தை. அவள் வாய் மூடி நின்றிருந்தாலும் எல்லாம் அப்படியேதான் நடந்திருக்கும்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொல்லியிருந்தா நீ என்னை வெறுத்திருப்ப."

"ஆமா. வெறுத்திருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. "அது எனக்கு வேணுமா இருந்துச்சுங்க. அதுகூட இல்லாமதான் இத்தனை வருஷம் இருந்தேன். உங்க மாவைத் தின்னுக்கிட்டு என்னையே வெறுத்துக்கிட்டு இருந்தேன்."

குதர்னா கையை நீட்டினான். அவள் அந்தக் கையில் துடுப்பைக் கொடுத்துவிட்டு, "அடி பிடிக்காம கிளறுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்த் தொட்டிகளைக் கழுவினாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் அவனோடு பேசவில்லை. அவன் வாளியை அவனையே தூக்க விட்டாள். அவன் இருமி ஓயும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஊரார் பார்த்து, கிழவிக்கு மனசு கல் என்றார்கள். அவளுக்கோ நெஞ்சு ஒரு பக்கம் பாரம் குறைந்தாற்போல் இருந்தது. பசி எடுத்தது. வாவ்ராவைக் கனவில் கண்டாள், அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இரக்கப்படாமல் இருப்பது இவ்வளவு நிம்மதி தரும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

பனி உருகும் சமயத்தில் குதர்னா செத்தான். மூத்த மகன் மட்டும் வந்தான். பெட்டியைத் தூக்க ஆள் போதாமல் பண்ணையிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். மணி அடித்தபோது அப்பொலேனா தொழுவத்தில் இருந்தாள்.

ஈஸ்டருக்கு வந்த விளாஸ்தா கேட்டாள்: "ஏம்மா போகல?"

"பன்னிங்களுக்குப் பசி நேரம்."

பிறகு, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, குதர்னா அண்டா முன்னால் சொன்னதை மகளிடம் சொன்னாள். விளாஸ்தா கத்தியை வைத்துவிட்டு அம்மாவின் கையிலிருந்த கிழங்கை வாங்கிக்கொண்டாள். அந்தத் தடவை ஒரு நாளுக்குப் பதில் மூன்று நாள் இருந்தாள். கதவின் கீழ்ப்பலகையை மாற்றினாள், அம்மாவின் தலைமுடியை வெட்டிவிட்டாள். அதற்குப் பிறகும் ஈஸ்டருக்கு ஈஸ்டர்தான் வந்தாள்.

கால் வீங்கி நடக்க முடியாமல் போகும்வரை அப்பொலேனா தொழுவத்தில் வேலை செய்தாள். கடைசியில் மாவட்ட ஆஸ்பத்திரியில், பேர் தெரியாத பெண்களுக்கு நடுவில் போய்ச் சேர்ந்தாள். ஓல்ஷின்காவின் இடுகாட்டில் அவளுக்கு இரட்டைக் குழி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. வாவ்ராவின் சாம்பலை பிராகில் எங்கே கொட்டினார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் அந்த இடத்தில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். மறுபாதியில் புல் வளர்கிறது.